பெயர் கிழித்த மூன்று விடைத்தாள்கள்

ஞானதுரை மாமா இறந்த செய்தி எனக்கு ஒரு புகைப்படமாக வந்தது. அன்று பள்ளி முடிந்து நேராக அப்பாவின் செராக்ஸ் கடைக்குப் போனேன். கணினித் திரையில் அவர் முகம் பெரிதாக இருந்தது. வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரியும்படி நேர்ப்பார்வை, சிரிக்காத வாய். விசாவுக்காக எங்கள் கடையிலேயே எடுத்த படம்தான். மறுபடியும் வெளிநாட்டில் யாரோ வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஒரு கணம் மகிழ்ந்தேன். பிறகுதான் அப்பா அந்தப் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போடுவதைப் பார்த்தேன்.

"காலைல பல் வெளக்கிட்டு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாராம். ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார் அப்பா. அஞ்சலிச் சுவரொட்டி அச்சுக்குப் போகும் முன் பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் ஊரில் இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரை அறிவீர்கள். அவரைப் பற்றி உங்களில் சிலர் பேசியதும் என் காதில் விழுந்திருக்கிறது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே விழுந்தது. கம்பெனியிடம் எதையோ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, அங்கே ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டார் என்றார் இன்னொருவர். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் நடந்தது எனக்குத் தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

வளைகுடாவில் ஓர் எரிவாயு ஆலையில் அவர் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். அந்த நாட்டின் பெயரை அவர் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. 'அங்கன' என்றுதான் சொல்வார். பேனல் ஆபரேட்டர் என்பது அவர் பதவி. குளிரூட்டிய அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வெளியே வெயிலில் நிற்கும் குழாய்களிலும் தொட்டிகளிலும் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு மட்டம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறதற்கு என்ன பெரிய சம்பளம் என்று அப்பா ஒருமுறை கேலி செய்தார். திரை காட்டுவதை நம்பாமல் இருப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்றார் மாமா.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அவருடைய பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர் நகலையும் அசலையும் அருகருகே வைத்து, எண்ணை ஒவ்வோர் இலக்கமாக விரலால் தொட்டுப் பார்த்தார். மெஷின் தப்பாக எழுதாது அண்ணாச்சி என்று அப்பா சிரித்தார்.

"மெஷின் எழுதாது தம்பி. கண்ணாடில ஒரு தூசி கெடந்தா மூணு எட்டாயிரும்" என்றார் மாமா.

எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலை முழுவதும் கண்ணாடியின் மேல் தலைமுடி, பென்சில் சீவல், நூல் என்று ஒவ்வொன்றாகப் போட்டு மூன்றை எட்டாக்கப் பார்த்தேன். ஆகவில்லை. மறுநாள் அவரைத் தெருவில் நிறுத்தி அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் நீட்டினேன். அவர் நின்றபடியே ஒன்றுவிடாமல் பார்த்தார். "நான் சொன்னத நம்பாம செஞ்சு பாத்தியாக்கும்? நல்லது" என்றார். அதற்குப் பிறகு விடுமுறையில் வரும்போதெல்லாம், நகல் எடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார்.

வீட்டிலும் இதே குணம்தான். சமையல் சிலிண்டர் கொண்டுவரும் பனவடலிசத்திரத்து மாரியப்பன் அண்ணன் மற்ற வீடுகளில் இறக்கி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மாமா வீட்டில் மட்டும் கால் மணி நேரம் நிற்க வேண்டும். மாமா சோப்பு நுரையைத் தடவிக் குனிந்து பார்ப்பார். பிறகு அவரையும் குனிந்து பார்க்கச் சொல்வார். என்ன பார்த்தீர் என்று கேட்பார். "குமிழி வரல அண்ணாச்சி" என்று அவர் தன் வாயால் சொன்ன பிறகுதான் போகவிடுவார். பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டு பாக்க மாட்டாவ என்று மாரியப்பன் அண்ணன் எங்கள் கடையில் வந்து புலம்புவார்.

ஆலையில் ஷிப்ட் மாறும்போது அவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டாம். போகிறவர் சொன்னதை வருகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை போகிறவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. "தலையாட்டுதவன நம்பாத. திருப்பிச் சொல்லுதவன பாதி நம்பு" என்பார். மீதிப் பாதி எப்போது என்று நான் கேட்டிருக்கிறேன். அது கிடையாது என்றார்.

இனி அந்தப் படிவம்.

போன வருடம் ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டி விடுமுறையில் வந்தபோது அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு ஆலைகளில் வெளியாட்கள் பார்க்கும் வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்நாட்டவரிடம் ஒப்படைக்க வேண்டும். எனக்கு அது நியாயமாகத்தான் தெரிந்தது. அவர்கள் மண், அவர்கள் வாயு. மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஹமத் என்ற உள்ளூர் இளைஞரை உட்கார வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஹமத் தயாராகிவிட்டார் என்று மாமா படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நாற்காலி ஹமத்துக்கு. மாமாவின் ஒப்பந்தம் அத்தோடு முடியும். முடியும் என்று படிவத்தில் எழுதவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் இரண்டு முறை கம்பெனி படிவத்தைக் கொடுத்திருக்கிறது. இரண்டு முறையும் 'இன்னும் தயாராகவில்லை' என்று எழுதித் திருப்பியிருக்கிறார். மூன்றாவது முறை, லீவில் போய் நன்றாக யோசித்துக்கொண்டு வா என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் கடையில் உட்கார்ந்து, அதில் ஒரு வரியைத் தமிழில் சொல்லும்படி என்னிடம் கேட்டார். அவருக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும். எதற்காக என்னிடம் கேட்கிறார் என்று அப்போதே ஐயப்பட்டேன். 'மேற்கண்ட நபர் எவருடைய மேற்பார்வையும் இன்றித் தனியாக வேலை செய்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை' என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். 'எனக்கு ஐயமில்லை' என்ற இடத்தில் நிறுத்தினார்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போட்டா மறுநாளே டிக்கெட்டக் கையில குடுத்துருவான் வே, போடாதீரும் என்றார் ஒருவர். அவனுவ ஏசில உக்காந்து போன் நோண்டத்தான் லாயக்கு என்றார் இன்னொருவர். கடையநல்லூரில் தன் மச்சானுக்கும் இப்படித்தான் ஆனது, சொல்லிக்கொடுத்தவனை வெளியே அனுப்பிவிட்டுக் கற்றுக்கொண்டவன் கதவைச் சாத்திக்கொண்டான் என்றார் மூன்றாமவர். அவர்களில் யாரும் ஹமத்தைப் பார்த்தது இல்லை. மதுரையில் நர்சிங் படிக்கும் மாமாவின் மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருந்தது. அது எனக்கும் தெரியும்.

நான்தான் கேட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன். "மாமா, அவருக்கு வேலை தெரியலன்னு போட மாட்டேங்கீங்களா, இல்ல போட்டா உங்க வேலை போயிரும்னு போட மாட்டேங்கீங்களா?"

அப்பா என்னை அதட்டினார். மாமா படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அதத்தாம்ட்டி மூணு வருசமா நானும் எங்கிட்டயே கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். "கேள்வி சரிதான். பதில் சொல்லுத ஆளு சரியில்ல. எம் பொழப்பு அதுல கெடக்கு. நான் சொன்னா அது எப்படி நம்பத்தகும்?"

மறுநாள் அவரே வந்து, இதற்கு ஒரு வழி சொல்லு என்றார். எனக்குப் பொதுத்தேர்வு நினைவுக்கு வந்தது. விடைத்தாளில் பெயர் இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுவார்கள். திருத்துகிறவருக்கு யாருடைய தாள் என்று தெரியாது. அதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். ஆலையில் நேரக்கூடிய பன்னிரண்டு நிலைமைகள் அதில் கேள்விகளாக இருந்தன. அதே ஆலையில் வேலை பார்த்த கடையநல்லூர் பஷீர் பாய்க்கும் ஹமத்துக்கும் அவற்றை வாட்ஸப்பில் அனுப்பினோம். பதில்கள் மாமா கண்ணில் படாமல் என் அப்பாவின் எண்ணுக்கு வந்தன. ஆங்கிலத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். கேள்வியைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

இரண்டே தாள்கள் என்றால் ஒன்று பிடிபட்டால் மற்றதும் பிடிபட்டுவிடும். மூன்றாவதாக ஒன்று வேண்டியிருந்தது. அது அந்தப் பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் கிடைத்தது. அதே பன்னிரண்டு கேள்விகளுக்கு ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய பதில்கள். மேலே பெயர் இருந்தது: ஞானதுரை. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. தான் எழுதியதை அவரே மறந்துவிட்டார் போலும். உண்மையைச் சொல்கிறேன், அவரைப் பிடிப்பதற்காகத்தான் அதைச் சேர்த்தேன். தன் பதிலுக்கு மட்டும் முழு மதிப்பெண் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். பதில்கள் சரியா தவறா என்று பார்க்கிற அளவுக்கு எனக்கு அறிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்தார். உள்ளறை மேசையில் மூன்று தாள்களையும் வைத்தேன். மூன்றாவது யார் என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

முதல் தாளை வேகமாக முடித்தார். அது பஷீர் பாயுடையது. எல்லாம் டிக். இரண்டாம் தாளில் வேகம் குறைந்தது. அது ஹமத்துடையது. நான் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை உணர்ந்திருக்க வேண்டும். ஒருமுறைகூட நிமிரவில்லை.

நான்காவது கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு தொட்டியின் மட்டம் இரண்டு மணி நேரமாகச் சரியாக ஐம்பதில் நிற்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மணி எதுவும் அடிக்கவில்லை. என்ன செய்வாய்? இதை வைத்து அவர் எனக்கு ஒன்று சொல்லியிருக்கிறார். ஆடாம நிக்கித முள்ள நம்பாத. உள்ளே வாயுவும் எண்ணெயும் ஓடிக்கொண்டிருந்தால் முள் கொஞ்சமாவது நடுங்க வேண்டும். சரியாக நிற்கிறது என்றால் கருவி செத்துவிட்டது என்று பொருள். இரண்டாம் தாளில் பதில் இப்படி இருந்தது: 'முதலில் வெளியே யார் இருக்கிறார், எங்கே நிற்கிறார் என்று கேட்பேன். அவரைத் தொட்டிக்கு அருகே போய் நேரில் பார்த்துச் சொல்லச் சொல்வேன். அவர் சொல்லும்வரை எதையும் தொட மாட்டேன்.' மாமா பத்துக்குப் பத்து போட்டார்.

ஏழாவதில் முட்டை. அதற்கு ஹமத், 'ஞானதுரையைக் கேட்பேன்' என்று எழுதியிருந்தார். நான் 'மூத்தவரைக் கேட்பேன்' என்று மாற்றியிருந்தேன். மாமா பக்கத்தில், 'மூத்தவர் இல்லாத நாள் வரும்' என்று எழுதினார். மற்ற பதினொன்றும் தேறின. தாளைக் கவிழ்த்து வைத்தார். அது யாருடையது என்று கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது.

மூன்றாம் தாளில் நான்காவது கேள்விக்கு, 'எல்லாம் இயல்பாக உள்ளது, செய்ய ஒன்றுமில்லை' என்று இருந்தது. முட்டை போட்டு, 'தூங்குகிறான்' என்று எழுதினார். ஐந்தாவதில், 'இவனுக்குப் பயம் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது' என்று எழுதினார். பத்தாவது கேள்வி, வெளியே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது வாயுக் கசிவு மணி அடித்தால் என்ன செய்வாய் என்பது. 'அந்த மணி காரணமில்லாமல் அடிக்கடி அடிக்கும். நிறுத்திவிட்டுப் பதிவேட்டில் குறிப்பேன்' என்று பதில். மாமா முட்டையைப் போட்டுவிட்டு, 'இவனைத் தனியாக விடக் கூடாது' என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

"ஏட்டி, இது யாரு? எந்தப் பிளான்ட்ல இருக்கான்? வெளாட்டு இல்ல, போனப் போட்டு அங்கன சொல்லணும். ஆளக் கொன்னுருவான் இவன்."

அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். இனியும் மறைப்பது சரியில்லை என்று பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன்.

அவர் அதைப் படித்தார். பிறகு என் தமிழைப் படித்தார். மறுபடி அதைப் படித்தார். வெளியே அப்பா யாருக்கோ ஆதார் அட்டையை லேமினேட் செய்துகொண்டிருந்தார். அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனை உள்ளே வந்தது. மாமா உட்கார்ந்தார்.

"இதுக்கா அந்த மனுசன் கையெழுத்து போட்டாரு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அதற்கு முன் யாரிடமும் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் அந்த நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர் இருந்திருக்கிறார். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் நம்மூர்க்காரர் நான்கு பேரை வைக்கலாம் என்று கம்பெனி கணக்குப் பார்த்து, மாமாவை அவர் பக்கத்தில் உட்கார வைத்தது. இந்தப் பன்னிரண்டு கேள்விகளும் அவர் கேட்டவை. பதில்களைப் படித்துவிட்டு, சமாளித்துக்கொள்வாயா என்று மட்டும் கேட்டாராம்.

"நான் தலையாட்டுனேன். திருப்பிச் சொல்லுன்னுகூட அவரு கேக்கல. கையெழுத்தப் போட்டுட்டு, கையக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அவரு எடத்துக்கு நான் வந்தது எனக்கு அநியாயமாவே தெரியல, பாத்துக்கிடு. நல்லா வேலை தெரிஞ்சதனால வந்தேன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பயந்து பயந்து கத்துக்கிட்டதெல்லாம் அவரு போன பொறவுதான்."

பிறகு பேனாவை எடுத்து, மிச்சமிருந்த பதினோராவது, பன்னிரண்டாவது பதில்களையும் திருத்தி முடித்தார். மூன்று தாள்களையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

விடுமுறை முடிந்து அங்கே போனவர் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். இந்த முறை பெட்டிகள் அதிகம். கையெழுத்துப் போட்டுவிட்டார். இங்கே வந்த பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் சமையலறை மேற்பார்வை பார்த்தார். சிலிண்டர்களுக்கு நுரை தடவினார். ஊரில் பேச்சு கிளம்பியது. யாரிடமும் அவர் விளக்கம் சொல்லவில்லை. எஸ்தர் அத்தை, அவர் மனைவி, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் மாவு மில்லில் எதிர்ப்பட்டபோது, "நீ வச்ச பரீட்சைல உங்க மாமாதாம்ட்டி பெயிலாயிட்டாரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் இருந்தன. இரண்டாம் தாள் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதா என்பது ஒன்று. தெரிந்திருந்தால் அது தேர்வே இல்லை. எதிரில் நான் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்ததற்காகப் போட்ட மதிப்பெண். கடையில் எல்லோர் முன்னாலும் நான் கேட்ட கேள்விக்கு வெட்கப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரா என்பது மற்றது. இரண்டையும் அவரிடம் கேட்கலாம் என்று பலமுறை ஸ்டூலுக்கு அருகே போய் நின்றிருக்கிறேன். என்னட்டி என்பார். ஒன்றுமில்லை என்பேன். ஒரு வருடம் இப்படியே போய்விட்டது.

அடக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து, விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த பஷீர் பாய் மாமா வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார். நானும் அப்பாவோடு அங்கே இருந்தேன். ஹமத் பேச வேண்டும் என்கிறார் என்று போனைப் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்தார். ஹமத் அரபியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பஷீர் பாய் தமிழில் சொன்னார்.

விடுமுறையிலிருந்து வந்த முதல் நாளே மாமா படிவத்தை ஹமத்தின் முன்னால் வைத்திருக்கிறார். கையெழுத்து இல்லாமல். ஏழாவது கேள்விக்கு நீ பெயில் என்றிருக்கிறார். அன்றிலிருந்து நாற்பது நாள், ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடும்படி பஷீர் பாயைத் தூரத்தில் காவலுக்கு வைத்துவிட்டு, போனை அணைத்துவிட்டு, கேன்டீனில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். முதல் வாரம் ஹமத் கேன்டீனுக்கே ஆள் அனுப்பியிருக்கிறார். ஞானதுரை இங்கே இல்லை என்று ஞானதுரையே சொல்லி அனுப்பியிருக்கிறார். நாற்பதாவது நாள் வந்து, யாரையும் கேட்காமல் தான் செய்ததையெல்லாம் ஹமத் சொல்ல, அதை மாமா திருப்பிச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

"பெயர் இல்லாத பேப்பர்ல என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு இந்தப் பையன் கேட்டிருக்கான்" என்றார் பஷீர் பாய். "நீ எதச் செஞ்சாலும் மொதல்ல வெளிய யாரு இருக்கான்னு கேப்ப, அத எழுதும்போதும் விடல, மொதப் பதில்லயே தெரிஞ்சிட்டுன்னு சொன்னாராம் ஞானம். இவன் அண்ணன் பிளான்ட்ல வெளிவேலை பாக்கும்போது காலு போன ஆளு, அதான் அப்படி."

எஸ்தர் அத்தை அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். "இவன் பேப்பர்னு தெரிஞ்சுதான் மார்க்கு போட்டாராமா?" என்று கேட்டார்கள். பஷீர் பாய், ஆமா தங்கச்சி என்றார். அத்தை என் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு வருசமா ஒன்னையத் திட்டிக்கிட்டுக் கெடந்தேனட்டி" என்றார்கள். "அந்த மனுசனயில்லா திட்டிருக்கணும்."

சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

துக்க வீட்டில் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அதனால் அன்று வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் தாளை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டில் பத்துப் பதில்கள் 'வெளியே யார் இருக்கிறார்' என்றுதான் தொடங்குகின்றன. தமிழில் எழுதிய எனக்கே அது கண்ணில் படவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பதினொரு டிக் போட்டிருக்கிறார். தெரிந்தும் ஒரு முட்டை போட்டிருக்கிறார். அந்த முட்டையைக் காட்டிப் படிவத்தை மூன்றாவது முறையும் திருப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நான் உட்பட.

அன்று கடையில் என் கேள்வி காதில் விழுந்த ஏழெட்டுப் பேரும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை, அவரே சரியான கேள்வி என்று சொன்னது அது. ஆனால் கேள்வி ஊர் முழுக்கப் போனது, பதில் போகவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

மூன்றாம் தாள் என்னிடம்தான் இருக்கிறது. பத்தாவது கேள்வி வரை, யாரோ முன்பின் தெரியாத ஒருவன் என்று நினைத்துத் திருத்தியது. கடைசி இரண்டும் அது தானேதான் என்று தெரிந்த பிறகு திருத்தியது. பதினொன்றுக்கு முட்டை போட்டு, 'தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுகிறான்' என்று எழுதியிருக்கிறார். பன்னிரண்டுக்கு மூன்று மதிப்பெண். நடந்ததைச் சொல்லாமல் என் அப்பாவிடமும் தமிழாசிரியையிடமும் அந்தத் தாளைக் கொடுத்து, திருத்தியவரின் மனம் எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். இருவராலும் சொல்ல முடியவில்லை. தெரிந்த எனக்கும், எழுத்திலோ மையின் அழுத்தத்திலோ அந்த இடம் தெரியவில்லை.